கம்பிவேலிக்குள் கேட்ட கேள்வி: ஜான் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' நாவல்

ஓர் அரசாங்கம் தன் குடிகளில் ஒரு பகுதியினரை, அவர்கள் இழைத்த குற்றம் எதுவும் இல்லாதிருந்தும், அவர்களுடைய பெற்றோர் பிறந்த தேசம் ஒன்றையே காரணமாகக் கொண்டு முள்வேலிக்குள் அடைத்துவிட்டு, பின்பு அந்த வேலிக்குள்ளேயே வந்து நின்று, எம்மிடம் உமக்கு விசுவாசம் உண்டா, எமக்காக யுத்தகளத்தில் உயிர் கொடுக்கச் சித்தமா என்று கேட்குமானால், அதற்கு யோக்கியமான மனிதன் என்ன விடை சொல்வான்? 1943ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வி படிவமாக அச்சிடப்பட்டு, முள்வேலிக்குள் இருந்த, பதினேழு வயது நிரம்பிய ஒவ்வொரு ஜப்பானிய வம்சத்தவர் கையிலும் கொடுக்கப்பட்டது. ஆம் என்று எழுதியவர்களில் பலர் இத்தாலியிலும் பிரான்சிலும் மாண்டார்கள். பலர் கையையோ காலையோ அங்கே விட்டுவிட்டு வந்தார்கள். இல்லை என்றவர்கள் தனி முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ராணுவ அழைப்பை ஏற்க மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். யுத்தம் முடிந்த பின்பு இவ்விரு சாராரும் ஒரே தெருவில், ஒரே கடைவீதியில், சில வேளை ஒரே வீட்டில் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேர்ந்தது. அந்த நேரத்தைப் பற்றிய நாவலே ஜான் ஒகாடா 1957இல் வெளியிட்ட 'நோ-நோ பாய்'.

யுத்தகாலத்து இன ஒதுக்கலைப் பற்றி எழுந்த இலக்கியத்தில் பெரும் பகுதி முகாமின் துன்பத்தைச் சொல்வது: தூசி, குளிர், வரிசையில் நின்று வாங்கும் உணவு, காவற்கோபுரத்து விளக்கு. ஒகாடாவின் நாவலோ முகாமுக்குள் நெடுநேரம் நிற்பதில்லை. வேலி அகற்றப்பட்ட பிறகும் மனிதர்களுக்கிடையே அகலாமல் நின்றுவிட்ட வேலியைப் பற்றியது அது. அநீதியான ஒரு கேள்வியைக் கேட்ட அரசாங்கம் தன் காரியத்தை முடித்துக்கொண்டு விலகிவிட, அக்கேள்விக்கு விடை சொன்ன எளிய ஜனங்கள் ஒருவருக்கொருவர் நியாயாதிபதிகளாக மாறித் தண்டனை விதித்துக்கொண்ட கொடுமையை இவ்வளவு ஆழமாக ஆராய்ந்த நூல் வேறொன்றைச் சொல்வது கடினம்.

சந்தேகத்தின் சரித்திரம்

1941 டிசம்பர் 7ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அன்றுதான் அமெரிக்காவில் ஜப்பானியர் மீது துவேஷம் பிறந்தது என்று கருதுவது பிழை. அத்துவேஷம் அதற்கு முன்பே சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்திருந்தது. கலிபோர்னியா 1913லும் வாஷிங்டன் மாகாணம் 1921லும் இயற்றிய சட்டங்கள், பிரஜாவுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் நிலம் வாங்குவதைத் தடை செய்தன. அத்தகுதி யாருக்கு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1922 நவம்பரில் தக்காவோ ஒஸாவா என்பவரின் வழக்கில் நிர்ணயித்தது. அமெரிக்காவிலேயே கல்வி பயின்று, வீட்டிலும் ஆங்கிலமே பேசி, அந்நாட்டு ஆசாரங்களை முழுமனத்தோடு ஏற்று வாழ்ந்த அம்மனிதர், வெள்ளையர் அல்லர் என்ற ஒரே காரணத்தால் பிரஜையாக முடியாது என்று தீர்ப்பாயிற்று. மூன்று மாதங்கள் கழித்து, 1923 பிப்ரவரியில், அதே நீதிமன்றம் பஞ்சாபிலிருந்து சென்று அமெரிக்க ராணுவத்தில் சேவை புரிந்திருந்த பகத் சிங் திண்ட் என்பவருக்கும் அதே கதவைச் சாத்தியது. ஆரிய வம்சத்தார் என்று அவர் எடுத்துரைத்த சாஸ்திர வாதம் செல்லாது, சாமானிய வெள்ளையன் யாரை வெள்ளையனாகக் கருதுகிறானோ அவனே வெள்ளையன் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஜப்பானியருக்கு எதிராக எழுப்பப்பட்ட சுவர் நம் தேசத்தாரையும் வெளியே நிறுத்திய சுவரே என்பதை இந்திய வாசகர்கள் மறப்பதற்கில்லை. 1924ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் வருகையையே நிறுத்திவிட்டது.

இச்சட்டங்களின் விளைவாக ஒரே குடும்பத்துக்குள் இரண்டு நிலைமைகள் உண்டாயின. இஸ்ஸெய் எனப்படும் முதல் தலைமுறையினர், முப்பது நாற்பது வருஷம் அம்மண்ணில் உழைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்நியர்களாகவே இருந்தார்கள். நிஸெய் எனப்படும் அவர்களுடைய மக்கள், அங்கே பிறந்த காரணத்தால் பிறவிப் பிரஜைகள். தாய் ஒரு தேசத்துக்கும் பிள்ளை வேறொரு தேசத்துக்கும் உரியவராக வாழ்ந்த இவ்வீடுகளின் மேல்தான் யுத்தம் வந்து இறங்கியது.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 19ஆம் தேதி பிறப்பித்த 9066ஆம் எண் உத்தரவில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. ராணுவப் பிரதேசம் என்று குறிக்கப்படும் இடங்களிலிருந்து எவரையும் அப்புறப்படுத்தும் அதிகாரத்தைத் தளபதிகளுக்கு அது அளித்தது. மேற்குக் கரையின் பாதுகாப்பை ஏற்றிருந்த தளபதி ஜான் டிவிட் அவ்வதிகாரத்தை ஜப்பானிய வம்சத்தார் அனைவர் மீதும் பிரயோகித்தார். அதுவரை நாசவேலை ஒன்றும் நடக்கவில்லை என்பதே, இனி நடக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி என்று அவர் எழுதிய வாதம் அரசாங்க ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. குற்றம் செய்திருந்தால் குற்றவாளி, செய்யாதிருந்தால் சமயம் பார்த்திருக்கும் குற்றவாளி என்று சொல்லும் இவ்வாதத்தின் முன் எந்த நிரபராதி தப்ப முடியும்? ஜெர்மானிய, இத்தாலிய வம்சத்தாரில் சந்தேகத்துக்குரியவர்கள் தனித்தனியே விசாரிக்கப்பட்டார்கள். அவர்கள் சமூகம் முழுவதும் பெயர்த்தெறியப்படவில்லை. தாக்குதல் நடந்த ஹவாய்த் தீவுகளிலேயே, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டிருந்த ஜப்பானியரை ஒட்டுமொத்தமாக அடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் அத்தீவுகளின் தொழிலும் வாணிகமும் நடவா. ராணுவ அவசியம் என்று சொல்லப்பட்ட காரணத்தின் பலவீனத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இவ்விதம் ஏறக்குறைய 1,20,000 பேர் பத்து முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். நாவலின் களமாகிய சியாட்டில் நகரத்தில் ஜாக்ஸன் வீதி, மெயின் வீதிகளைச் சுற்றிச் சுமார் 7,000 ஜப்பானியர் வாழ்ந்திருந்தார்கள். கையில் தூக்கக் கூடிய சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைகளையும் வீடுகளையும் வந்த விலைக்கு விற்றோ அயலாரிடம் ஒப்படைத்தோ புறப்பட்ட அவர்கள், முதலில் பூயாலப் என்னும் ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் அவசரமாக எழுப்பிய கொட்டகைகளில் குடியேற்றப்பட்டார்கள். 1942 ஆகஸ்டு முதல் அங்கிருந்து ஐடஹோ மாகாணத்தின் மினிடோக்கா முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். புதர் மண்டிய வறண்ட சமவெளியில், தார்க்காகிதம் போர்த்த மரக்கொட்டகைகளில், குடும்பத்துக்கு ஓர் அறை வீதம் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

இரண்டு வினாக்கள்

1943 பிப்ரவரியில் இம்முகாம்களுக்குள் வந்த படிவத்தின் 27ஆம் வினா, உத்தரவிடப்படும் எவ்விடத்திலும் அமெரிக்கப் படையில் போர்ப்பணி புரியச் சம்மதமா என்று கேட்டது. 28ஆம் வினா, அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் உறுதி கூறி, ஜப்பானியச் சக்கரவர்த்திக்குரிய விசுவாசத்தையும் பணிவையும் துறப்பாயா என்று கேட்டது. அமெரிக்கப் பிரஜையாவதற்குச் சட்டமே தடை விதித்திருந்த முதியவர்கள் இதற்குச் சம்மதித்தால், தமக்கிருந்த ஒரே தேசத்தையும் இழந்து எத்தேசமும் இல்லாதவர்களாவார்கள். இக்குற்றம் எடுத்துக் காட்டப்பட்ட பின்னரே அவர்களுக்கு வினாவின் வாசகம் மாற்றப்பட்டது. இளைஞர்களுக்கோ, என்றும் கொண்டிராத ஒரு விசுவாசத்தைத் துறப்பதாகச் சொல்வது, முன்பு அதைக் கொண்டிருந்ததாக ஒப்புக்கொள்வதாகும். பெரும்பான்மையோர் இரண்டுக்கும் ஆம் என்றே எழுதினார்கள். இரண்டுக்கும் இல்லை என்றவர்களுக்கு 'நோ-நோ' என்ற பெயர் வந்தது. அவர்கள் கலிபோர்னியாவின் ட்யூல் லேக் முகாமுக்குப் பிரிக்கப்பட்டார்கள்.

1944 ஜனவரியில், முகாமிலிருந்த நிஸெய் இளைஞர்களுக்கும் கட்டாய ராணுவ சேவை மீண்டும் விதிக்கப்பட்டது. என் உரிமைகளைத் திருப்பித் தந்தால் சேவைக்கு வருவேன் என்று சொல்லி மறுத்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். வயோமிங் மாகாணத்து ஹார்ட் மவுண்டன் முகாமைச் சேர்ந்த 63 பேர் 1944 ஜூனில் ஒரே வழக்கில் விசாரிக்கப்பட்டு மூன்று வருஷச் சிறைத்தண்டனை பெற்றார்கள். மினிடோக்கா இளைஞர்கள் நீதிபதி சேஸ் கிளார்க்கின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஐடஹோவின் கவர்னராக இருந்தபோது ஜப்பானியரை இழிவாகப் பேசிப் பெயரெடுத்தவர் அவர். அதே வருஷம் ஜூலையில், ட்யூல் லேக் இளைஞர் சிலரின் வழக்கை விசாரித்த நீதிபதி லூயி குட்மன் மட்டும், ஒரு பிரஜையை விசுவாசமற்றவன் என்று அடைத்து வைத்துக்கொண்டே அவனைப் படையில் சேரும்படி நிர்ப்பந்திப்பதும், மறுத்தால் தண்டிப்பதும் மனச்சாட்சியை அதிரச் செய்வதாகும் என்று கூறி வழக்கையே தள்ளினார். சட்டம் ஒன்றே, நிலைமையும் ஒன்றே. ஆயினும் எந்த நீதிபதியின் முன் நிற்க நேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒருவன் விடுதலையும் மற்றொருவன் சிறையும் அடைந்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒகாடாவின் கதாநாயகன் ராணுவ சேவையை மறுத்து நீதிபதியின் முன் நின்று, இரண்டு வருஷம் சிறையிருந்தவன். சரித்திர ரீதியாகப் பார்த்தால் அவன் ஹார்ட் மவுண்டன் இளைஞர்களின் இனத்தைச் சேர்ந்தவன். படிவத்துக்கு இல்லை என்று எழுதி ட்யூல் லேக் சென்றவர்களின் இனத்தைச் சேர்ந்தவனல்லன். மறுத்துச் சிறை சென்றவர்களில் பலர் படிவத்தில் ஆம் என்று எழுதியிருந்தவர்களும் ஆவர். நாவல் இரு வகையினரையும் ஒரே பெயரால் அழைக்கிறது. இதைச் சரித்திரப் பிழையென்று தள்ளுவதைவிட, அக்காலத்து ஜப்பானியச் சமூகமே இவ்வேறுபாடுகளைப் பாராமல் மறுத்தவர் அனைவரையும் ஒரே வசைச்சொல்லால் ஒதுக்கியது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

ஆம் என்றவர் எழுதிய 'இல்லை'

ஜான் ஒகாடா 1923இல் சியாட்டிலில் பிறந்தவர். மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், நெப்ராஸ்கா மாகாணத்தில் கல்லூரிப் படிப்புக்காக அதைவிட்டு வெளியேறி, பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். ஜப்பானிய வானொலிச் செய்திகளை விமானத்திலிருந்து ஒற்றுக்கேட்டு மொழிபெயர்க்கும் பணியில் பசிபிக் யுத்தகளத்தில் இருந்தார். யுத்தம் முடிந்தபின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்திலும் கொலம்பியாவிலும் பயின்று, நூலகராகவும் தொழில்நுட்ப எழுத்தாளராகவும் உத்தியோகம் பார்த்து, மனைவியையும் இரு குழந்தைகளையும் காப்பாற்றிக்கொண்டே எழுதினார். அதாவது, வினாவுக்கு ஆம் என்றவர்களின் சாரியைச் சேர்ந்தவர் அவர். தன் சமூகத்தில் தலைநிமிர்ந்து நடக்க உரிமை பெற்றவர். அத்தகைய ஒருவர், அச்சமூகம் காறியுமிழ்ந்த மனிதனின் உள்ளத்துக்குள் புகுந்து, அவன் கண்ணால் உலகைப் பார்த்து எழுதினார் என்பதுதான் இந்நாவலின் நைதிகச் சிறப்பு.

அவ்வாறு எழுதியதற்கான காரணத்தை நாவலின் முன்னுரைப் பகுதியிலேயே அவர் சூசகமாகச் சொல்லிவிடுகிறார். ஜப்பானின் மேல் வேவுபார்த்துவிட்டுக் குவாம் தீவுக்குத் திரும்பும் குண்டுவீச்சு விமானத்தில் ஒரு நிஸெய்ச் சிப்பாயும் நெப்ராஸ்காவைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும் பேசிக்கொண்டு வருகிறார்கள். சிப்பாயின் குடும்பம் முள்வேலிக்குள் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அதிகாரி, எனக்கு இப்படிச் செய்திருந்தால் நான் இந்த விமானத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று மனம் திறந்து சொல்கிறார். எனக்குக் காரணங்கள் உண்டு என்று மட்டும் விடையளிக்கும் சிப்பாயின் மனம், வேறொரு நண்பனை நாடுகிறது: தனியே வேறு முகாமில் வைக்கப்பட்டிருக்கும் தந்தையைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தால் படையில் சேர்கிறேன் என்று நீதிபதியிடம் கேட்டு, அது மறுக்கப்பட்டதால் சிறை சென்றவன் அவன். விமானத்திலிருப்பவனுக்கும் சிறையிலிருப்பவனுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சொற்பம் என்பதை உணர்ந்த சிப்பாயே இக்கதையைச் சொல்கிறான் என்று வாசகனுக்குத் தோன்றும்படி ஒகாடா அப்பகுதியை அமைத்திருக்கிறார்.

இச்சிரோவின் வீடு

இருபத்தைந்து வயது நிரம்பிய இச்சிரோ யமாடா, இரண்டு வருஷம் முகாமிலும் இரண்டு வருஷம் சிறையிலும் கழித்துவிட்டு, சியாட்டிலில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். முதலில் எதிர்ப்படுபவன் பழைய நண்பன். ராணுவக் காற்சட்டை அணிந்தவன். உவகையோடு கைகுலுக்க வருகிறான். இச்சிரோ எங்கே இருந்தான் என்பது புரிந்த மாத்திரத்தில் அவன் முகம் மாறி, காறித் துப்புகிறான். சற்றுத் தூரம் நடந்ததும், ஜப்பானியர் விட்டுச் சென்ற வீதிகளில் குடியேறியிருக்கும் நீக்ரோ இளைஞர்கள், டோக்கியோவுக்கே போ என்று கூவிக் கேலி செய்கிறார்கள். வெறுப்பு மேலிருந்து கீழே இறங்குவது மட்டுமன்று, கீழே கிடப்பவர்கள் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளவும் செய்கிறார்கள் என்பதை ஒகாடா ஆரம்பத்திலேயே நிறுவிவிடுகிறார். பின்னால் வரும் ஒரு விடுதிக் காட்சியில் ஜப்பானியர் கூடியிருக்கும் இடத்திலேயே நீக்ரோ விருந்தாளிகள் அவமதிக்கப்படுகிறார்கள். தான் வேலியிலிருந்து வெளியே வந்ததும் தனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று மனிதன் தேடும் இழிகுணத்தை, தன் இனத்தாரிடமும் ஒளிக்காமல் காட்டும் துணிவு இந்நூலுக்கு உண்டு.

வீட்டில் இச்சிரோவுக்குக் காத்திருப்பது அதைவிடக் கடுமையான சோதனை. ஜப்பான் தோற்றது என்பதை அவனுடைய தாய் நம்பவில்லை. விசுவாசமுள்ள ஜப்பானியரை அழைத்துச் செல்ல வெற்றிபெற்ற தாய்நாடு கப்பல்கள் அனுப்பப்போகிறது என்று பிரேசிலின் சாவ் பாவ்லோவிலிருந்து வந்த ஒரு கடிதத்தை அவள் வேதவாக்காகக் கொண்டிருக்கிறாள். இது கற்பனையின் மிகையன்று. யுத்தத்துக்குப் பின் பிரேசிலின் ஜப்பானியக் குடியேறிகளிடையே, ஷிந்தோ ரென்மெய் என்னும் ஸ்தாபனத்தின் தலைமையில், தோல்வியை நம்ப மறுத்த பெருங்கூட்டம் ஒன்று இருந்ததும், தோல்வியை ஒப்புக்கொண்ட தம் இனத்தாரையே அவர்களிற் சிலர் கொலை செய்ததும் சரித்திரத்தில் பதிவானவை. பிரஜையாகும் உரிமையை இருபத்தைந்து முப்பது வருஷங்களாக ஒரு தேசம் மறுத்து வந்தால், அம்மனிதரின் நெஞ்சம் தான் விட்டு வந்த தேசத்தை ஒரு தெய்வமாக்கிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? அத்தெய்வத்துக்குத் தன் மகனை நிவேதித்துவிட்டதாகவே அத்தாய் கருதுகிறாள். அவன் சிறை சென்றதை வெற்றியென்று எண்ணிப் பூரிக்கிறாள்.

மகன் திரும்பிய அன்றே அவனை அழைத்துக்கொண்டு அவள் அண்டைக் குடும்பம் ஒன்றைப் பார்க்கச் செல்லும் இடம் நாவலில் மிகக் கொடியது. அவ்வீட்டுப் பிள்ளை அமெரிக்கப் படையில் சேர்ந்து உயிர் துறந்தவன். அங்கே வந்திருக்கும் மற்றொரு சிப்பாய், நண்பன் மாண்ட விதத்தை மெல்லிய குரலில் விவரிக்கிறான். மாண்டவனின் பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இச்சிரோவின் தாய்க்கோ அங்கே வந்த நோக்கமே வேறு: ஜப்பானியனாகப் பிள்ளையை வளர்க்கத் தவறியதால் அந்தத் தாய் பிள்ளையை இழந்தாள், தான் இழக்கவில்லை என்று காட்டுவதற்கு அவள் வந்திருக்கிறாள். புத்திரசோகத்தின் முன்னிலையில் நின்று ஒரு தாய் இவ்வாறு பெருமிதம் கொள்வதைப் பார்க்கும் மகனுக்கு, தன்னை 'இல்லை' என்று சொல்ல வைத்த குரல் யாருடையது என்பது அந்த நேரத்தில் விளங்கிவிடுகிறது; அவளை அவன் வெறுக்கிறான்; வெறுக்கும்போதே அவளுடைய பிள்ளையாகவும் இருக்கிறான்.

இத்தாயை ஒகாடா அரக்கியாக்கிவிட்டுப் போகவில்லை. ஜப்பானிலிருந்து அவளுடைய தங்கை எழுதிய கடிதம் வருகிறது: குழந்தைகள் பசியால் வாடுகின்றன, ஏதாவது அனுப்பு என்ற மன்றாட்டு அது. எழுதியது தானே என்று நிரூபிக்க, சிறுவயதில் ஆற்றில் நேர்ந்ததும் அவ்விருவர் மட்டுமே அறிந்ததுமான ஒரு ரகசியத்தைத் தங்கை குறிப்பிட்டிருக்கிறாள். கணவன் அதை வாசிக்கும்போது, இத்தனை காலமும் அவளைத் தாங்கி நின்ற நம்பிக்கை சரியத் தொடங்குகிறது. அதன்பின் அவள் உண்பதில்லை, பேசுவதில்லை. குடும்பத்தின் சிறிய மளிகைக் கடையில் அவள் பால் டப்பாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, அலமாரியில் நூல் பிடித்தாற்போல் அடுக்குகிறாள், அடுக்கியதைக் கலைக்கிறாள், மறுபடியும் அடுக்குகிறாள். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தகப்பனோ உள்ளறையில் மதுக்குப்பியைத் தேடிச் செல்கிறான். கடைசியில் அவள் குளியல் தொட்டியில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தம்பி டாரோ, அண்ணனின் அவமானத்தைக் கழுவுவதற்கென்றே, பதினெட்டு வயது நிரம்பியவுடன் பள்ளிப் படிப்பை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிடுகிறான். போவதற்கு முன் அண்ணனைத் தன் கூட்டாளிகளிடம் அடிபடவும் காட்டிக்கொடுக்கிறான். 27, 28 என்ற இரண்டு எண்கள் ஒரு வீட்டைத் தூள் தூளாக்கியதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் வேண்டியதில்லை.

காலை இழந்தவனும் பெயரை இழந்தவனும்

நாவலின் மையம் இச்சிரோவுக்கும் கென்ஜிக்கும் இடையே உண்டாகும் சிநேகம். கென்ஜி யுத்தத்தில் வீரன் என்று பாராட்டப்பெற்றவன். சர்க்கார் அவனுக்கு மோட்டார் காரும் உபகாரச் சம்பளமும் தந்திருக்கிறது. பதிலுக்கு அவன் தந்தது ஒரு கால். வெட்டுண்ட இடம் அழுகிக்கொண்டே மேலேறுவதால் வைத்தியர்கள் அதைச் சிறிது சிறிதாக வெட்டுகிறார்கள். எஞ்சியிருப்பது பதினோரு அங்குலம். அவனுக்குப் பதினோரு அங்குலம் பாக்கி. இச்சிரோவுக்கோ ஐம்பது அறுபது வருஷம் பாக்கி. இருவரில் யாருடைய துன்பம் பெரிது என்று அவர்கள் தர்க்கம் செய்யும் இடத்தில், இச்சிரோ அந்த அழுகும் காலை ஏற்றுக்கொள்ளத் தயாராயிருக்கிறான். உடல் முழுமையாகவும் ஆயுள் நீளமாகவும் இருக்கும் ஒருவன், சாகப்போகிறவனிடம் இடமாற்றம் கேட்கும்படி அவமானம் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது, இச்சிரோவை மன்னிப்பவன் கென்ஜி என்பது. மன்னிப்பு என்றுகூடச் சொல்லலாகாது. குற்றமென்றே அவன் கருதவில்லை. யாருடைய தியாகம் முழுமையானதோ அவனுக்கு மற்றவனை நிந்திக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உரத்த குரலில் வைபவர்கள், தங்களுடைய 'ஆம்' தமக்கு எதைப் பெற்றுத் தந்தது என்று உள்ளூரச் சந்தேகிப்பவர்களே. கென்ஜி போர்ட்லண்டின் ராணுவ ஆஸ்பத்திரியில் சாகும்போது, ஜப்பானியன், சீனன், நீக்ரோ என்ற பிரிவுகளின்றி மனிதர் மட்டுமே உள்ள ஓர் உலகத்துக்கு ஏங்குகிறான்.

இச்சிரோவுக்கு உதவ முன்வருபவர் வேறு சிலரும் உண்டு. கணவன் ஜெர்மனியில் மீண்டும் படையில் பதிவு செய்துகொண்டு வீடு திரும்பாதிருக்க, தனிமையில் வாழும் எமி அவனுக்கு ஆறுதல் தருகிறாள். போர்ட்லண்டில் காரிக் என்னும் வெள்ளைக்காரப் பொறியியல் நிறுவனத் தலைவர், அரசாங்கம் செய்தது பெரும் பிழை என்று வெளிப்படையாக வருந்தி, நல்ல உத்தியோகம் ஒன்றையும் அளிக்கிறார். இச்சிரோ அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வாசகர் பலருக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் தண்டிக்கப்பட்டவனைத் தண்டனைக்குத் தான் உரியவனே என்று நம்பச் செய்வதுதான் அநீதியின் கடைசி வெற்றி. வெளியே எவ்வளவு நல்லெண்ணம் நீட்டப்பட்டாலும் அதைப் பெறக் கை எழாதபடி அது செய்துவிடுகிறது. காரிக்கின் அறையிலிருந்து எழுந்து வரும் இச்சிரோ, தன்னைத் தானே சிறையிலிட்டிருக்கும் மனிதன்.

நாவல் அவனை அந்நிலையிலேயே விட்டுவிடவில்லை. மற்றொரு மறுப்பாளனாகிய பிரெட்டி, விடுதிச் சண்டையொன்றைத் தொடர்ந்து கார் விபத்தில் மாண்டுபோகிறான். அவனை விரட்டியவன் புல் என்னும் முன்னாள் சிப்பாய்; மறுப்பாளர்களை மிகுதியும் வெறுத்தவன். அவனே சாவைப் பார்த்துச் சிறுகுழந்தை போல் கதறி அழுகிறான். இச்சிரோ அவன் தோளைத் தொட்டுத் தேற்றுகிறான். வசையும் அடியும் பட்டவன், வைதவனுக்கு ஆறுதலாக நிற்கும் அந்தக் கணத்தில்தான் அவனுக்குத் தன் தேசத்தைப் பற்றியும் தன்னைப் பற்றியும் மங்கலான ஒரு நம்பிக்கை துளிர்க்கிறது. காரிக் அளிக்க முன்வந்த உத்தியோகமோ வெள்ளையர் காட்டிய பரிவோ அவனை மீட்கவில்லை; எதிரணியைச் சேர்ந்த தன் இனத்தான் ஒருவனின் வேதனையில் பங்குகொள்வதே அவனை மீட்கிறது.

நூலுக்கு நேர்ந்த கதி

டட்டில் நிறுவனம் 1957இல் அச்சிட்ட 1,500 பிரதிகள் நெடுங்காலம் விற்றுத் தீரவில்லை. ஜப்பானிய அமெரிக்கர் அந்நூலைக் கொண்டாடவில்லை. பெரும்பாலும் மௌனத்தால் புறக்கணித்தார்கள். அவர்கள் நிலையையும் நாம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். முகாமிலிருந்து வந்தவர்கள், நிஸெய் வீரர்களைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவின் வீரமரணங்களை ஆதாரமாகக் காட்டியே அந்நாட்டில் தமக்கு மீண்டும் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் தலைமுறையினர் பிரஜாவுரிமை பெறச் சட்டம் இடங்கொடுத்ததே 1952இல்தான். அந்த வேளையில் மறுத்தவனின் கதையைச் சொன்ன நூல், மூடி வைத்த புண்ணைக் கிளறுவதாகத் தோன்றியிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போல், உத்தரவிட்டவர்கள் மேல் விழ வேண்டிய நிந்தை சிறை சென்ற இளைஞர்கள் மேல் விழுந்தது. அவர்கள் கதையை எழுதிய நூலும் அதில் பங்கு பெற்றது.

ஒகாடா 1971இல், நாற்பத்தேழாம் வயதில், மாரடைப்பால் காலமானார். தம் நூலுக்கு வாசகர் கிடைத்ததை அவர் பார்க்கவில்லை. இஸ்ஸெய் தலைமுறையைப் பற்றி அவர் எழுதி வந்த இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியையும் மற்றக் காகிதங்களையும் பாதுகாக்க முன்வருவார் இல்லாததால், அவருடைய மனைவி அவற்றை எரித்துவிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் பிராங்க் சின், ஜெப்ரி பால் சான், லாசன் பூசாவ் இனாடா, ஷான் வாங் என்னும் இளம் எழுத்தாளர்கள் பழைய பிரதி ஒன்றின் மூலம் இந்நாவலைக் கண்டறிந்தார்கள். அவர்கள் பதிப்பாளரை எதிர்பாராமல் தாமே முயன்று 1976இல் மறுபதிப்பு வெளியிட்டார்கள். 1979 முதல் வாஷிங்டன் பல்கலைக் கழகப் பதிப்பகம் அதைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. இன்று ஆசிய அமெரிக்க இலக்கியத்தின் மூலநூல்களில் ஒன்றாக அது பயிலப்படுகிறது.

அரசாங்கத்தின் மனமாற்றமும் மெல்லவே நடந்தது. ராணுவ சேவையை மறுத்தவர்களை ஜனாதிபதி ட்ரூமன் 1947 டிசம்பரில் மன்னித்தார். முகாம்களைப் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட கமிஷன், இன துவேஷம், யுத்த வெறி, அரசியல் தலைமையின் தவறுதல் ஆகியவையே அவற்றுக்குக் காரணம் என்று முடிவு கூறியது. 1988 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தின்படி தேசம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் அளித்தது. ஆனால் ஜப்பானிய அமெரிக்கரின் சொந்தச் சங்கமே, மறுத்துச் சிறை சென்ற இளைஞர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது அதற்கும் பின்னால், 2002இல். சர்க்காருக்குத் தேவைப்பட்ட காலத்தைவிடச் சகோதரர்களுக்கு அதிக காலம் தேவைப்பட்டது என்னும் இவ்வுண்மையே ஒகாடாவின் நாவல் எழுப்பிய கேள்வி எத்துணை ஆழமானது என்பதற்கு அளவுகோல்.

ஆம் என்றவனும் இல்லை என்றவனும் தத்தம் சந்தர்ப்பத்துக்கும் சுபாவத்துக்கும் ஏற்ப ஓர் அநீதிக்கு விடை சொன்னவர்கள். இவர்களில் எவர் விடை சரியென்று நாம் தீர்ப்பளிக்கத் தொடங்கினால், கேட்டவனை மறந்துவிட்டு விடை சொன்னவர்களை விசாரிக்கும் பழைய பிழையையே செய்கிறோம். யுத்தமும் பீதியும் மூளும்போதெல்லாம் ஏதேனும் ஒரு சிறுபான்மைச் சமூகத்திடம் விசுவாசத்துக்கு நிரூபணம் கேட்கும் வழக்கம் உலகத்தை விட்டு ஒழிந்துவிடவில்லை. அப்போது ஒரு குடியரசின் மெய்யான பிரஜைகள் செய்ய வேண்டியது, அச்சமூகத்தாரின் விடைகளை எடைபோடுவதன்று. விசுவாசம் என்பது முதலில் அரசாங்கம் தன் குடிகளிடம் காட்ட வேண்டியது என்பதை நினைவூட்டி, அக்கேள்வியைக் கேட்கும் அதிகாரத்தையே மறுத்து நிற்பதாகும். ஆம் என்று சொல்லி யுத்தத்துக்குப் போய் வந்த ஜான் ஒகாடா, இல்லை என்றவனுக்காகப் பேனா எடுத்து அக்கடமையைச் செய்து காட்டினார்.